முதலிடம் இல்லாத சாலை

இந்த ஓட்டத்தில் முதலிடம் கிடையாது. இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் சைக்கிளில் கடந்து வர வேண்டும், அவ்வளவுதான். எட்டு மணி நேரத்தில் வந்தவரும், கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கைகால் நடுங்க வந்து இறங்கியவரும் ஒரே பட்டியலில், பெயரின் அகரவரிசைப்படி இடம்பெறுவார்கள். பெயருக்கு நேரே எடுத்துக்கொண்ட நேரம் இருக்கும். தரவரிசை எண் இருக்காது. மிக வேகமாகப் போகிறவருக்கும் ஒரு கடிவாளம் உண்டு. வழியில் உள்ள சோதனை நிலையங்கள் திறக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பே போய் நின்றால் அட்டையில் முத்திரை விழாது, காத்திருக்க வேண்டியதுதான்.

பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து பதவி உயர்வுப் பட்டியல் வரை எண்ணுக்குப் பின்னால் எண்ணாக நின்றே வளர்ந்த எனக்கு, விதித்தாளில் இதைப் படித்தபோது உண்மையிலேயே ஒரு விடுதலை உணர்வு வந்தது. புனேயில் என்னோடு ஓட்டும் நண்பர்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. "அடுத்த ஞாயிறு ஒரு பி.ஆர்.எம். இருக்கு, வர்றியா?" என்பதோடு சரி. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையதான ஒரு பெருந்தன்மை, இந்த ஓட்டத்தின் பெயரைச் சுருக்கிச் சொல்லும் அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கிறது.

1897 ஜூன் மாதம் இத்தாலியில் சில சைக்கிள்காரர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைச் சூரியன் உதிப்பதற்கும் மறைவதற்கும் இடையே கடந்து காட்டினார்கள். பகல் வெளிச்சத்தைத் தவிர அவர்களுக்கு எதிராளி யாருமில்லை. அந்தப் பழக்கம் பிரான்சுக்குப் போனது. 1904 இல் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் தொடங்கப்பட்டது. முதலில் எல்லோரும் ஒரே கூட்டமாக, ஒரே வேகத்தில் போக வேண்டும் என்றிருந்தது. 1921 முதல் அவரவர் வேகத்தில் போகலாம், கெடுவுக்குள் வந்தால் போதும் என்ற முறை வந்தது. இன்று உலகெங்கும் நடப்பது அதுதான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவருக்கு ஒரு பட்டம் உண்டு. நான்காண்டுகளுக்கு ஒருமுறை பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பயணத்துக்கும் இவைதான் நுழைவுச் சீட்டு. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பு இவற்றை நடத்துகிறது. சஹ்யாத்ரி மலைத்தொடரை ஒட்டிக் கிடக்கும் புனே அதன் முக்கியமான ஊர்களில் ஒன்று.

புனேயிலிருந்து தெற்கே பாஞ்ச்கணி வரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். போய்த் திரும்பினால் இருநூறு. இந்தப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டப் பழகுகிற எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் அந்தச் சாலை நினைவில் வந்து நிற்கும். என் முதல் நெடும்பயணமும் அதுதான்.

டிசம்பர் விடியலுக்கு முன் புனேயின் ஸ்வார்கேட்டில் கூடியபோது மூச்சு புகையாக வந்தது. தலைக்கவசம், முன் விளக்கு, பின் விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி எல்லாவற்றையும் ஒருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சட்டைப்பையில் வைக்க மடித்த அட்டை ஒன்று தந்தார்கள். வழியில் துணைக்கு வண்டி வரக் கூடாது. பஞ்சர் ஆனாலும் செயின் அறுந்தாலும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பசித்தால் சாலையோரக் கடைதான். ஆள் இல்லாத சோதனை நிலையங்களும் உண்டு. அங்கே பக்கத்து ஏ.டி.எம்மில் இருப்புத் தொகைச் சீட்டு ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அதில் இடமும் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். அதுதான் அங்கே போனதற்குச் சாட்சி.

காத்ரஜ் பழைய கணவாயில் பிரிட்டிஷ் காலத்துச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் ஊர் பின்னால் போய்விடும். கேட் சிவாபூர், நஸ்ராபூர், காபூர்ஹோள், கிக்வி என்று ஊர்கள் சீராக வருகின்றன. புதிதாக நெடுந்தூரம் போகிறவர்கள் இங்கேதான் கால் சூடேறிய உற்சாகத்தில் விரட்டுவார்கள். சமதரையில் சைக்கிள் வேகமெடுக்க எடுக்க, காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு உழைப்பு. மறுபுறம், மணிக்கு 15 கிலோமீட்டரில் உருட்டிக்கொண்டு போனால் சாதாரணமாக நடப்பதற்கு ஆகும் உழைப்புதான் ஏறத்தாழ ஆகும். அதே உழைப்பில் மூன்று மடங்கு தூரம். இருநூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி என்ற கெடுவை வகுத்துப் பார்த்தால் மணிக்குப் 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கெடு வைத்தவர்கள் மனித உடம்பின் கணக்கு அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சராசரி உடம்பு, சராசரி வண்டி, வழியில் இரண்டு டீ, ஒரு பஞ்சர், ஒரு சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கும்.

சிர்வளுக்கு முன்னால் நீரா ஆற்றுப் பாலம். அதோடு புனே மாவட்டம் முடிந்து சாத்தாரா தொடங்குகிறது. கரும்பு வெட்டும் காலம் அது. இரண்டு இழுவைப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த டிராக்டர்கள், கூரை உயரத்துக்குக் கரும்பு ஏற்றி, மராத்திப் பாட்டை அலறவிட்டபடி ஆலைகளை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத்தில் அவற்றின் வேகமும் நம் வேகமும் ஒன்றாகிவிடும். கம்பாட்கி கணவாயில் அப்படி ஒரு டிராக்டருக்குப் பின்னால் வெகுநேரம் ஏறினேன். வெட்டிய கரும்பின் பச்சை வாசனையும் டீசல் புகையும் கலந்து வந்தன. மேலே உட்கார்ந்திருந்த பையன் ஒரு கரும்பை உருவிக் கீழே நீட்டினான். ஒரு கையால் வாங்கிக் கைப்பிடிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

சுரூரில் நெடுஞ்சாலையை விட்டு வாயி ஊர்ச் சாலையில் திரும்பினால் ஆலமரங்கள் இருபுறமும் நிழல் பிடிக்கின்றன. அந்த நிழலில்தான் அவர் என்னோடு சேர்ந்துகொண்டார். பழைய இரும்புச் சைக்கிள். பின் கேரியரின் இருபுறமும் பால் கேன்கள். வெள்ளைத் தொப்பி, ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. அறுபதைத் தாண்டியவர். கியர் இல்லாத வண்டியில் அவர் மிதிப்பதே தெரியவில்லை. முழங்கால் ஒரே தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் சட்டையையும் கண்ணாடியையும் கரும்பையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மராத்தியில் கேட்டார்.

"எங்கேருந்துப்பா வர்ற?"

"புனேலேருந்து, காகா. பாஞ்ச்கணி போய்ட்டு இன்னைக்கே திரும்பணும்."

"இன்னைக்கேவா? எதுக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உடம்புக்கு நல்லது என்று சொல்லலாம். அவருக்கு முன்னால் அது அபத்தமாக இருந்திருக்கும். சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும் இல்லை. "ஓட்ட முடியுமான்னு பார்க்கத்தான், காகா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கேலியில்லை, ஆமோதிப்பு. தான் நாற்பது வருஷமாகப் பால் ஊற்றுவதாகவும், காலையில் பத்து, சாயங்காலம் பத்து கிலோமீட்டர் என்றும் சொன்னார். ஒரு பண்ணையின் வாசலில் பிரேக் பிடிக்காமலே வளைந்து உள்ளே போய்விட்டார்.

வாயி வந்து சேரும்வரை அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நாளுக்கு இருபது கிலோமீட்டர். ஆண்டுக்கு ஏழாயிரத்துக்கு மேல். நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர். அந்த மனிதர், சுரூருக்கும் வாயிக்கும் இடையிலுள்ள ஆலமர நிழலிலேயே பூமியை ஏழு சுற்றுச் சுற்றிவிட்டார். அவருடைய அட்டையில் முத்திரை குத்த யாரும் நின்றதில்லை.

பெயர் பதிவான உலகச் சுற்றுகளும் உண்டு. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஆதி ஹகீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவரும் கடைசிவரை ஓட்டி, நாலரை ஆண்டுகள் கழித்து 1928 மார்ச் 18 அன்று திரும்பினார்கள். ஓட்டிய தூரம் 71,000 கிலோமீட்டர் போலிருக்கும். 2018 இல் நம் புனே பகுதியைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்ணி, இருபது வயது நிரம்பும் பருவத்தில், 159 நாட்களில் சுமார் 29,000 கிலோமீட்டர் ஓட்டி உலகைச் சுற்றினார். கனடாவில் கரடி துரத்தியது. ஸ்பெயினில் கத்தி முனையில் வழிப்பறி செய்தார்கள். எழுந்து மறுபடி மிதித்தார். இவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வரும் வியப்பு குறையவில்லை. ஆனால் அந்தப் பால்காரரைப் பார்த்த பிறகு அந்த வியப்பு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. நெடுந்தூரத்துக்கு வேண்டியது அசாதாரண உடம்பு என்று நினைத்திருந்தேன். அன்றாடம் மிதிப்பவனின் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பொறுமைதான் அதற்கு வேண்டும். பொறுமை உள்ள யாரும் எவ்வளவு தூரமும் போகலாம். 15 கிலோமீட்டர் என்ற அந்தக் கெடு வேகம் பால்காரரின் வேகம், பேப்பர் போடுகிறவரின் வேகம், ஷிஃப்டுக்குப் போகும் தொழிலாளியின் வேகம்.

வாயி அழகான ஊர். கிருஷ்ணா நதியின் படித்துறைகளும் டோல்யா கணபதி கோயிலும் எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் ஈடுபாடுள்ளவர்கள் வேறொன்றுக்காகவும் அந்த ஊரை நினைக்க வேண்டும். தர்க்கதீர்த்த லட்சுமண சாஸ்திரி ஜோஷியின் தலைமையில் மராத்தி மொழியின் கலைக்களஞ்சியமான விஷ்வகோசம் உருவானது இங்கேதான். ஒரு மொழியின் மொத்த அறிவையும் தொகுக்கும் வேலையைப் பம்பாயிலோ புனேயிலோ வைக்காமல் இந்தச் சிற்றூரில் வைத்துச் செய்தார்கள். நமக்கும் பெரியசாமித் தூரனின் உழைப்பில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. தூரனை நினைத்துக்கொண்டு கிருஷ்ணா பாலத்தைக் கடந்தேன்.

பிறகு பஸர்ணி கணவாய். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் விடாத ஏற்றம். வாயி கடல்மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டர் போல. பாஞ்ச்கணி ஆயிரத்து முந்நூறை நெருங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் சாலை திரும்பத் திரும்ப, கீழே தோம் அணையின் நீர் ஒவ்வொரு திருப்பத்திலும் இன்னும் கொஞ்சம் விரிந்து தெரியும். எஸ்.டி. பேருந்துகள் மூச்சிரைத்துக்கொண்டு ஏறின. இந்த ஊர்க்காரர்கள் அந்தச் சிவப்புப் பேருந்தை லால்பரி என்பார்கள். ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை கையசைத்தது. கைப்பிடியை விட்டுப் பதிலுக்குக் கையசைக்க எனக்குத் தெம்பில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

கணவாயின் நடுவில் உடம்பு நின்றுபோனது. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய இரண்டாயிரம் கலோரிக்குத்தான் வரும். இருநூறு கிலோமீட்டருக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். கொழுப்பிலிருந்து உடம்பு சக்தி எடுக்கும், ஆனால் மெதுவாகத்தான் எடுக்கும். இடையில் சாப்பிட்டுக்கொண்டே இருக்காவிட்டால் ஒரு கட்டத்தில் விளக்கு அணைந்ததுபோல் ஆகிவிடும். அப்போது காலில் வலி இருக்காது. காலே இல்லாததுபோல் இருக்கும். கண்ணுக்கு முன்னால் சாலை நீளும், கணக்கு வராது, எதற்காக வந்தோம் என்று அழுகை முட்டும். எனக்கும் முட்டியது. வண்டியைத் தடுப்புச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தக் கரும்பைப் பல்லால் உரித்தேன். முதல் கணுவின் சாறு தொண்டையில் இறங்கியபோது நெற்றி வியர்த்தது. இரண்டாம் கணுவில் கீழே தெரிந்த நீருக்கு நிறம் திரும்பி வந்தது. மூன்றாம் கணுவில் எனக்கு என் பெயர் ஞாபகம் வந்தது என்றுகூடச் சொல்வேன். ஓட்டுவதை ஏன் ஒருவர் விரும்புகிறார் என்று கேட்பவர்களுக்கு நான் அந்தக் கரும்பைத்தான் சொல்வேன். வீட்டு மேஜையில் இருக்கும் எந்தச் சர்க்கரையும் அப்படி வேலை செய்வதில்லை.

பாஞ்ச்கணியில் ஒரு சிறிய ஓட்டலில் சோதனை நிலையம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என் அட்டையை வாங்கி நேரம் எழுதி முத்திரை குத்தினார். முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தது. ஓட்டல்கார மாவ்ஷி தட்டில் போஹாவை வைத்துவிட்டு, நான் சாப்பிடும் வேகத்தைப் பார்த்துக் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். அதற்குக் காசு எடுக்கவில்லை. வழியெல்லாம் இப்படித்தான். விதியின்படி துணை வண்டி கூடாது. ஆனால் கரும்பு கொடுத்த பையன், ஒரு கரண்டி கூடப் போட்ட மாவ்ஷி, தண்ணீர் நிரப்பிக்கொள்ளச் சொன்ன பெட்ரோல் பங்க் ஆள் என்று எத்தனை கைகள் சேர்ந்து என்னைத் தள்ளின! தன்னந்தனியாக ஓட்டினேன் என்று எவராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

திரும்பும் வழி எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. இறக்கத்தில் விரல்கள் பிரேக்கில் மரத்துப்போயின. கம்பாட்கியில் திரும்பும்போது கணவாய் ஏற வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த சுரங்கம் இருக்கிறது. உள்ளே லாரிகளின் இரைச்சலில் காது அடைத்தது. வெளியே வந்ததும் அந்தப் பேர்போன வளைவு. எத்தனையோ உயிர்களைக் குடித்த இடம். அதைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டேன். இருட்டியபின் காத்ரஜின் கடைசி ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு ஆடிக்கொண்டே போனது. யார் என்று தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். மேலே சுரங்கத்துக்கு வெளியே அவர் நின்றிருந்தார். நாற்பதுகளில் இருந்த ஒரு பெண், பள்ளி ஆசிரியை. எனக்கு முன்பே இறங்கியிருக்கலாம். பின்னால் ஒரு விளக்கு வருவதைப் பார்த்து நின்றதாகச் சொன்னார். தரவரிசை இருந்திருந்தால் நின்றிருப்பாரா? நின்றிருப்பார் என்றுதான் நினைக்க ஆசை. ஆனால் நிற்பதற்கு இடம் கொடுத்தது அந்த விதி. இருவரும் சேர்ந்து இறங்கினோம். கெடுவுக்குள் வந்துவிட்டோம்.

அந்தச் சந்தோஷம் பல நாள் இருந்தது. அதோடு சேர்ந்து ஒரு உறுத்தலும் வந்தது, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

புனேயைச் சைக்கிள்களின் ஊர் என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. என் மராத்தி நண்பர்களின் வீடுகளில் பெரியவர்களைக் கேட்டால் முகம் மலரச் சொல்வார்கள். கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் கட்கி ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கும் சாரிசாரியாகச் சைக்கிள்கள் போன காலம். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களின் ஆண்களும் அந்தச் சாரியில் இருந்தவர்கள். அவர்கள் மிதித்த வண்டிகளில் சில நம் அம்பத்தூரில், 1949 இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஆலையில் பிறந்தவையாகவும் இருந்திருக்கும். பிறகு இதே ஊர்ப் பக்கம் ஆகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர் பெருகியது. சேதக் 1972 இல் வந்தது. லூனா மொபெட்டும் வந்தது. தொழிலாளியும் குமாஸ்தாவும் மிதிக்கும் பாட்டிலிருந்து விடுபட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2018 இல் நகரின் வாகன எண்ணிக்கை மக்கள்தொகையைத் தாண்டிவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. 2017 இன் கடைசியில் தெருமுனைகளில் வாடகைச் சைக்கிள்கள் வரிசையாக வந்து நின்றன. சில ஆண்டுகளுக்குள் காணாமல் போயின. சைக்கிள் பாதை என்று சிவப்புக் கல் பதித்த இடங்கள் பலவற்றில் கார்கள் நிற்கின்றன; பாதை தொடங்கி இருநூறு அடியில் ஒரு மின்கம்பத்தில் முடிந்துவிடுகிறது.

இதே ஊரில்தான் இன்று ஞாயிறுதோறும் லட்ச ரூபாய்ச் சைக்கிள்கள் சிங்ககட் மலை ஏறுகின்றன. நானும் அதில் ஒருவன். அவற்றில் பெரும்பாலானவை திங்கள் முதல் சனிவரை வீட்டுச் சுவரில் மாட்டிக் கிடக்கும். காரணம் சோம்பல் இல்லை, பயம். நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டர் போய்வருகிறவர், நகருக்குள் ஐந்து கிலோமீட்டர் போக அஞ்சுகிறார். தன் மகளைப் பள்ளிக்குச் சைக்கிளில் அனுப்பத் துணிவதே இல்லை.

இந்தப் பயத்தைப் பார்க்கும்போது, சைக்கிளில் நெடும்பயணம் என்று என் நினைவுக்கு வருவது பாரிசும் பிரெஸ்டும் அல்ல, புதுக்கோட்டைதான். 1991 இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரை வலம்வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். கீரனூரில் என் சித்தியும் அப்போது கற்றவள். ஆம்பளை சைக்கிளில் பாருக்குக் குறுக்கே கால் போடப் பழகியவள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தானே காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோன முதல் நாளைப் பற்றி இன்றைக்கும் பேசுவாள். "அன்னைக்கு யாரையும் கேக்காமப் போயி யாரையும் கேக்காம வந்தேன்டா" என்பாள். எட்டோ பத்தோ கிலோமீட்டர் இருக்கும். அதை நெடுந்தூரம் இல்லை என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் அதிகாரமில்லை.

அந்தப் பெண்களுக்குச் சாலை திறந்திருந்தது. கிராமத்துச் சாலையில் வண்டி குறைவு. அதனால்தான் கற்றது வாழ்க்கையாக மாறியது. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள்களும் அப்படியே, போகச் சாலை இருக்கும்வரைதான் பயன். கற்றுக்கொடுப்பதும் வண்டி கொடுப்பதும் பாதி வேலை. பயப்படாமல் மிதிக்க இடம் கொடுப்பதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியைப் புனே இன்னும் செய்யவில்லை. சென்னையும் கோவையும் மதுரையும் செய்துவிடவில்லை.

ஆகவே எங்கள் சைக்கிள் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நெடும்பயணம் முடித்த அட்டையைச் சட்டமிட்டு மாட்டுவதோடு நிற்காதீர்கள். வாரத்தில் ஒருநாளாவது அதே வண்டியில் வேலைக்கோ காய்கறிக்கோ போங்கள். நூறு பேராகச் சேர்ந்து போங்கள். வார்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள். கேட்பது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியையும் சுற்றி நான்கு கிலோமீட்டருக்குக் கார் நிற்காத, மின்கம்பம் குறுக்கிடாத, அறுந்து போகாத ஒரு சைக்கிள் பாதை. அதற்கு மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.